செண்பகம் பட்டணம் போனாள்

ஆம்பூரில் பால்காரன் வாசலுக்கு வந்தால் மற்றப் பெண்கள் செம்பை நீட்டி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். செண்பகம் அப்படி வாங்கியதில்லை. ஒரு சொட்டுப் பாலைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பாள். சொட்டு வழியாமல் நின்றால், "இன்னிக்கு நிக்குது" என்பாள். பால்காரன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்று அந்த "இன்னிக்கு"வைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லுவாள். காய்க்காரி தராசைத் தூக்கினால் தட்டின் அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று தடவுவாள். குடுகுடுப்பைக்காரன் வந்து நல்ல காலம் பிறக்குது என்றால், "உனக்கு யாரு சொன்னது?" என்று கேட்டு அவனைத் திணறடிப்பாள்.

பிறவிக் குணம் என்று தெருவில் சொன்னார்கள். அப்படி இல்லை. அவள் அப்பா சுப்பராயன், அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போனவர். பொங்கலுக்கும் ஆடிக்கும் வருவார். வரும்போது ரிப்பன், கண்ணாடி, காராசேவு என்று ஏதாவது கொண்டுவருவார். செண்பகத்தின் அம்மா எல்லம்மா அவர் சொன்னதையெல்லாம் நம்பினாள். ஒரு ஆடி மாதம் தங்கவயலிலிருந்து கல்யாணத்துக்கு வந்த ஆள் ஒருவன், பேச்சுவாக்கில், "சுப்பராயன் சம்சாரத்துக்கு மறுபடியும் ஆம்பளப் புள்ள" என்றான். எல்லம்மா அப்போது மாவரைத்துக்கொண்டிருந்தாள். குழவியை நிறுத்தவில்லை. அரைத்து முடித்து, மாவை வழித்து எடுத்து, ஆட்டுக்கல்லைக் கழுவிவிட்டுத்தான் எழுந்தாள். அதற்குப் பிறகு சுப்பராயன் ஆம்பூர் பக்கம் வரவே இல்லை.

செண்பகம் அந்த நாளை மறக்கவில்லை. அப்பாவின் மேல் வந்த கோபத்தைவிட, அம்மாவுக்கு ஒன்றும் தெரியாமல் போனதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தன்னை யாரும் அப்படி உட்கார வைத்துவிடக் கூடாது என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டாள்.

அவளுக்கு வாய்த்த புருஷன் பரந்தாமன் அதிகம் பேசாதவன். அப்துல் ஹமீத் சாயபுவின் தோல் ஷாப்பில் வேலை. முதலில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டிக்கொண்டிருந்தான். கை சுத்தமான ஆள் என்று பார்த்து, சாயபு அவனைப் பதனிட்ட தோல் கட்டுகளோடு மெட்ராசுக்கு அனுப்பத் தொடங்கினார். ரயிலில் கட்டுகளை ஏற்றிப் பெரியமேட்டு மண்டியில் இறக்கி ஒப்படைத்துவிட்டு வரவேண்டும். போன மறுநாளே வந்துவிடுவான். இரண்டு பெண் பிள்ளைகளும் பிறந்து வளர்ந்த காலம் வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷம் வாக்கில் அவன் மெட்ராசில் தங்குவது நீண்டது. கேட்டால் மண்டியில் கூட்டம் ஜாஸ்தி என்பான். செண்பகம் அதை அப்படியே விட்டிருப்பாளோ என்னவோ, ஆனால் அவன் வாசனை மாறியிருந்தது. தோல் ஷாப்பில் வேலை செய்கிறவனின் உடம்பில் ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் சேர்ந்த ஒரு வாடை இருக்கும். ஆற்றில் எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அது போகாது. மெட்ராஸ் போய்வந்த பரந்தாமனிடம் அந்த வாடை இல்லை. சந்தன சோப்பு மணந்தது.

"மண்டியில சோப்பு குடுக்கறாங்களா?" என்று கேட்டாள்.

"தோஸ்த் ஒருத்தன் குடுத்தான்."

"எந்த தோஸ்த்?"

"உனக்குத் தெரியாது."

தெரியாது என்ற சொல் அவளுக்குப் பிடிக்காத சொல். அடுத்த முறை அவன் வந்து படுத்துத் தூங்கும்போது அவன் கையை எடுத்துப் பார்த்தாள். இடது கை நகங்களுக்குள் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. ஊசியால் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள். ரவை. காலையில் அவன் முன்னால் போய் நின்றாள்.

"நகத்துல ரவை எப்படி வந்துச்சி?"

பரந்தாமன் ஒரு கணம் கையைப் பார்த்துக்கொண்டான். "ஓட்டல்ல உப்புமா சாப்ட்டேன்."

"உப்புமா வெந்த ரவை. இது பச்ச ரவை, பிசைஞ்ச ரவை. அதுவும் இடது கையில. நீ இடது கையிலயா சாப்பிடுவ?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். சோறு தின்னும்போது தட்டின் விளிம்பில் அவன் விரல்கள் எதையோ தட்டிக்கொண்டே இருப்பதையும், தனக்குள் சிரித்துக்கொள்வதையும் அவள் சில நாளாகக் கவனித்து வந்தாள். இப்போது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. எங்கேயோ ஒரு வீட்டில், ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, இவன் மாவு பிசைந்து கொடுக்கிறான். தன் வீட்டில் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வைக்காத மனுஷன்.

பக்கத்து வீட்டு அன்வரி பேகம் அவளுக்கு மூத்தவள். அவள் புருஷனும் அதே தோல் ஷாப்பில் மேஸ்திரி. செண்பகம் அவளிடம் போய், "அக்கா, ஆம்பளைங்க திடீர்னு சோப்பு போட ஆரம்பிச்சா இன்னா அர்த்தம்?" என்று கேட்டாள்.

"அழுக்கு ஜாஸ்தின்னு அர்த்தம்" என்றாள் அன்வரி பேகம். பிறகு செண்பகத்தின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "இன்னாடி, பரந்தாமனா? அவனா? சீ."

"எங்கப்பனையும் அப்படித்தான் சொன்னாங்க."

அன்வரி பேகத்தின் தங்கை முனவ்வர் பெரியமேட்டில்தான் குடியிருந்தாள். அவளுக்குக் குழந்தை பிறந்து பார்க்கப் போகவேண்டியிருந்தது. துணைக்குச் செண்பகமும் வரட்டும் என்று ஏற்பாடாயிற்று. பரந்தாமன் தோல் கட்டுகளோடு கிளம்பிப் போன மறுநாள், பிள்ளைகளை எல்லம்மாவிடம் விட்டுவிட்டுச் செண்பகம் கிளம்பினாள். எதற்குப் போகிறாள் என்று அம்மாவிடம் மறைக்கவில்லை.

எல்லம்மா பிள்ளைகளை உள்ளே அனுப்பினாள். பிறகு, "போய்ப் பாக்காதம்மா. பாத்துட்டா அப்பறம் இன்னா பண்ணுவ?" என்றாள்.

அப்படியானால் அம்மாவுக்குத் தங்கவயல் விஷயம் முன்னாலேயே தெரிந்திருந்ததா என்று செண்பகத்துக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. கேட்கத் துணிவில்லாமல் ரயிலேறினாள்.

மெட்ராஸ் அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதைவிட, நம்பவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே ஜட்கா வண்டிக்காரர்கள் எல்லோரும் அவளை "அம்மா" என்று கூப்பிட்டார்கள். காரணமில்லாமல் யாரும் அம்மா என்று கூப்பிடமாட்டார்கள். டிராம் வண்டி மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் தானாக வந்தது. ஒரு கடையில் ஆள் இல்லாமல் ஒரு பெண் குரல் பாடிக்கொண்டிருந்தது. உள்ளே கருப்புத் தட்டு ஒன்று சுற்றியது. தெருவுக்குத் தெரு காப்பி வாசனையும், வெங்காய சாம்பார் வாசனையும், மல்லிகையும், சாக்கடையும் சேர்ந்து வந்தன. எதைப் பார்த்தாலும் பளபளப்பாக இருந்தது. பளபளப்பான கத்தரிக்காயை அவள் ஊரில்கூட வாங்கமாட்டாள்.

பசி எடுத்து ஒரு காப்பி ஓட்டல் வாசலில் நின்றார்கள். கல்லாவில் இருந்தவர், "எந்த ஊரும்மா?" என்று சிரித்த முகமாகக் கேட்டார்.

"ஆம்பூரு."

"ஆத்துக்காரர் என்ன வேலை?"

"தோல் ஷாப்பு."

அவர் முகத்தில் சிரிப்பு போகவில்லை. ஆனால் அவர்கள் உள்ளே வர எடுத்து வைத்த காலை ஒரு கையசைப்பால் நிறுத்தினார். இட்லிப் பொட்டலத்தைக் கொண்டுவந்த ஆள் அதைக் கையில் கொடுக்காமல் படியின் கீழே வைத்துவிட்டுப் போனான். அன்வரி பேகம் குனிந்து எடுத்தாள். செண்பகம் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்து, "நேத்து சட்னி" என்றாள். சட்னி அன்றைக்கு அரைத்ததுதான் என்று அன்வரி பேகத்துக்குத் தெரியும். சொல்லாமல் இருந்துவிட்டாள்.

முனவ்வர் வீட்டில் குழந்தையைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் இருவரும் தோல் மண்டிக்கு எதிரில் ஒரு வேப்பமரத்தடியில் போய் நின்றார்கள். அன்வரி பேகம் பர்தாவுக்குள் இருந்தாள். செண்பகம் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வெயில் தாழ்ந்தபோது பரந்தாமன் வெளியே வந்தான். எப்போதும் ஊரில் நடக்கிற மாதிரி நடக்கவில்லை. அவசரமாக நடந்தான். அவர்கள் பின்னாலேயே போனார்கள். சூளைப் பக்கம் ஒரு சந்தில் திரும்பி, ஓட்டு வீடு ஒன்றின் முன்னால் நின்றான். வாசலில் ஒரு பெண் அடுப்பு வைத்து ஆப்பம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். செண்பகத்தைவிடச் சற்று மூத்தவளாக இருக்கலாம். நெற்றியில் பொட்டு இல்லை. ஆனால் வாய் நிறையச் சிரிப்பு இருந்தது.

"வாங்க வாங்க, தண்ணி கொதிக்குது" என்றாள் அவள்.

பரந்தாமன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் அவன் வெளியே வந்தபோது அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. வெள்ளை ஜிப்பா, மடிப்புக் கலையாத வேட்டி, நெற்றியில் சந்தனம், பின்னால் வாரிய தலை. அந்தப் பெண் ஒரு டம்ளர் காப்பி கொடுத்தாள். அவன் நின்றபடியே குடித்தான். அவள் ஏதோ சொல்ல, பரந்தாமன் வாய்விட்டுச் சிரித்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தச் சிரிப்பைச் செண்பகம் கேட்டதில்லை.

"போய் அவ கொண்டையப் புடிக்கட்டுமா?" என்றாள்.

"இரு. எங்க போறான் பாக்கலாம்" என்று அன்வரி பேகம் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

துணியில் சுற்றிய கனமான ஏதோ ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு பரந்தாமன் நடந்தான். பெரிய தெரு ஒன்றில் விளக்குகள் எரிந்த ஒரு சினிமாக் கொட்டகைக்கு வந்து, ஜனங்கள் நுழைகிற வழியில் போகாமல், பக்கவாட்டில் இருந்த சின்னக் கதவுக்குள் போய் மறைந்தான். செண்பகம் நேராக வாசல் கேட்டுக்காரனிடம் போனாள்.

"இப்ப உள்ள போனாரே ஜிப்பா போட்ட ஆளு, அவரு கூட வேற யாராச்சும் பொம்பள வருமா?"

கேட்டுக்காரன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "யாரு, நம்ம மிருதங்கக்காரரா?"

"இன்னா மிருதங்கம்? அவரு என் ஊட்டுக்காரரு. ஆம்பூர்ல தோல் ஷாப்புல வேல செய்யறாரு. நீ ஆள மாத்திச் சொல்லாத."

"தோல் ஷாப்பா?" அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நெசமாவா?"

"பொய் சொல்லவா ரயிலேறி வந்தேன்? சுண்ணாம்புக் குழியில நின்ன காலு, போய்ப் பாரு, வெந்து போயிருக்கும்."

அன்வரி பேகம் பர்தாவுக்குள்ளிருந்து அவள் முதுகில் கிள்ளினாள். அதற்குள் கேட்டுக்காரன் உள்பக்கம் திரும்பி யாரையோ கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். இருவரும் சீட்டு வாங்கிக்கொண்டு பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார்கள்.

விளக்கு அணைந்து திரையில் படம் ஓடத் தொடங்கியது. படத்தில் இருந்தவர்கள் வாயை அசைத்தார்கள், சத்தம் வரவில்லை. திரையின் ஓரத்தில் ஒருவன் நின்று எழுத்து வரும்போதெல்லாம் உரக்கப் படித்துச் சொன்னான். திரைக்குக் கீழே ஒரு பள்ளம். அதில் தகரமூடி போட்ட சின்ன விளக்கு. அந்த வெளிச்சத்தில் ஆர்மோனியக்காரர் ஒருவர், பிடில்காரர் ஒருவர், அவர்களுக்கு நடுவில் பரந்தாமன். மடியில் மிருதங்கம். அதன் இடது பக்கத்துத் தோலில், பூரி அளவுக்கு வெள்ளையாகப் பிசைந்த ரவை அப்பியிருந்தது.

செண்பகம் அதைப் பார்த்ததும் அன்வரி பேகத்தின் பக்கம் திரும்பினாள். மறுபடியும் முன்னால் பார்த்தாள்.

ராஜகுமாரியை ஒரு துஷ்டன் குதிரையில் தூக்கிக்கொண்டு ஓடினான். ராஜகுமாரன் இன்னொரு குதிரையில் துரத்தினான். பரந்தாமன் திரையை நிமிர்ந்து பார்த்தபடியே வாசித்தான். குதிரை கல்லில் ஓடினால் கல்லில் ஓடுகிற சத்தம் வந்தது. ஆற்றில் இறங்கினால் தண்ணீரில் கால் வைக்கிற சத்தம் வந்தது. ராஜகுமாரியின் தாய் அழுதபோது இடது கையை மட்டும் தோலின் மேல் அழுத்தித் தேய்த்தான்; யாரோ தொண்டையை அடைத்துக்கொண்டு விம்முவது மாதிரி இருந்தது. பெண்கள் பக்கத்தில் பலர் மூக்கைச் சிந்தினார்கள்.

செண்பகத்துக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. முகம் தெரியாத இந்த ஜனங்களுக்கெல்லாம் இருட்டில் உட்கார்ந்து கொடுக்கிறானே, இதைத் தன் வீட்டில் ஒரு நாள், ஒரு நிமிஷம் கொடுத்தானா? இன்னொருத்தி இருந்திருந்தால்கூட அவளை அடித்திருக்கலாம். இதை என்ன செய்வது?

இடைவேளை விட்டு விளக்கு போட்டார்கள். கோட்டு போட்ட மேனேஜர் பள்ளத்துக்கு இறங்கிவந்தார். பிடில்காரரிடம் குனிந்து ஏதோ சொன்னார். பிடில்காரர் சட்டென்று எழுந்து நகர்ந்து, தன் அங்கவஸ்திரத்தை உதறினார். மேனேஜர் பரந்தாமனிடம் பேசினார். பரந்தாமன் மிருதங்கத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான். பிறகு ரவையைச் சுரண்டி எடுத்தான். துணியைச் சுற்றினான். சின்னக் கதவு வழியாக வெளியே போனான். ஆர்மோனியக்காரர் எழுந்திருக்கப் பார்த்து, எழுந்திருக்காமல், கட்டைகளின் மேல் கையை வைத்தபடி இருந்தார்.

விளக்கு அணைந்தது. மறுபடியும் குதிரைகள் ஓடின. இப்போது சத்தமில்லாமல் ஓடின. பிடிலும் ஆர்மோனியமும் எதையோ வாசித்தன, ஆனால் குதிரைகளின் கால் தரையில் படவே இல்லை. ஜனங்கள் விசிலடித்துக் கத்தினார்கள். செண்பகம் எழுந்துவிட்டாள்.

பக்கத்துச் சந்தில் வேர்க்கடலை விற்கிறவனின் விளக்கருகே பரந்தாமன் நின்றிருந்தான். அவர்களைப் பார்த்தான். ஆச்சரியப்படக்கூட அவனிடம் தெம்பு இல்லை.

"கேட்டுல யாரோ ஒரு பொம்பள வந்து, தோல் ஷாப்பு ஆளுன்னு சொல்லுச்சாம்" என்றான். "நீதானா?"

"நான்தான்."

அவன் தலையாட்டிக்கொண்டான்.

"இன்னா சொன்னாரு அந்த கோட்டுக்காரரு?" என்று செண்பகம் கேட்டாள்.

"ஒண்ணும் தப்பா சொல்லல. நல்ல மனுஷன். பிடில்காரரு பக்கத்துல உக்கார மாட்டேன்னுட்டாராம். நாளையிலிருந்து வேணாம்பான்னாரு. நாளையிலிருந்துன்னு சொல்லிட்டு இப்பவே அனுப்பிட்டாரு."

"அந்த மிருதங்கம் இன்னா வாழப்பட்டையிலயா கட்டியிருக்கு? அதுவும் தோலுதானே?"

"அத அவராண்ட யாரு கேக்கறது?"

நடந்துகொண்டே அவன் சொன்னான். பெரியமேட்டில் மிருதங்கம் கட்டுகிற அந்தோணி என்பவர் ஆட்டுத்தோல் வாங்க மண்டிக்கு வருவார். அவர் பட்டறையில் போய் உட்கார்ந்து, தோல் பேசுகிறதா என்று தட்டிப் பார்க்க ஆரம்பித்தது. அப்படியே வருஷக்கணக்கில் கை பழகிவிட்டது. அங்கே வருகிற ஆர்மோனியக்காரர் சுந்தரமூர்த்திதான் சினிமாக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். எந்த ஊர், என்ன ஆள் என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஆப்பம் விற்கிற மனோரமா சுந்தரமூர்த்தியின் அக்கா. தோல் வாடை போகக் குளிப்பதற்கு அவள் வீட்டில் வெந்நீர் வைத்துக் கொடுப்பாள்.

"என்னாண்ட சொன்னா இன்னா?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

செண்பகம் யோசித்தாள். "மாட்டேன்" என்றாள்.

மனோரமாவுக்கு விஷயம் சொன்னபோது அவள் ஆப்பக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் செண்பகத்தின் முன்னால் வந்து நின்றாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"சந்தேகம் வந்துச்சில்ல? நேரா வந்து என் கதவத் தட்டியிருக்கலாமே. நாலு வார்த்த என்ன அசிங்கமாத் திட்டிட்டுப் போயிருந்தா நான் வாங்கிக்கினு போயிருப்பேன். ஊருக்கு நடுவுல நின்னு அவர அவுத்து உட்டுட்டியே."

செண்பகம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மனோரமாவே பிறகு தட்டில் ஆப்பம் வைத்துக் கொடுத்தாள். செண்பகம் வாங்கிக்கொண்டாள். அதை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்றாள் என்று அன்வரி பேகம் பிற்காலத்தில் சொல்லுவாள். செண்பகம் இல்லவே இல்லை என்பாள்.

ஆட்டம் முடிந்து சுந்தரமூர்த்தி வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து, "நானும் எழுந்து வந்திருக்கணும் பரந்தாமா. வரல" என்றார்.

"வந்து இன்னா பண்ணியிருப்ப? ரெண்டு பேரும் ஊட்ல குந்திக்கினு இருக்கணும்" என்றான் பரந்தாமன்.

ஊருக்குத் திரும்பியதும் பரந்தாமன் சாயபுவிடம் போய், மெட்ராஸ் பயணத்துக்கு வேறு ஆள் போடச் சொல்லிவிட்டான். பழையபடி குழி வேலைக்கு இறங்கினான். மிருதங்கத்தைச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் போட்டான். செண்பகத்தை அவன் திட்டவில்லை. ஒரு சுடுசொல் சொல்லவில்லை. அதுதான் அவளை வதைத்தது. திட்டாத மனுஷன் மனசில் என்ன வைத்திருக்கிறான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவன் வெளியூர் போகிற பெயர் எடுத்தால் பயந்தாள். போகாமல் வீட்டிலேயே சுருண்டு கிடந்தாலும் பயந்தாள். தட்டில் விரல் தட்டுவது நின்றுபோயிருந்தது. சோப்பு வாசனையும் இல்லை. முன்னால் அவள் எதைப் பார்த்துப் பயந்தாளோ அதெல்லாம் போய்விட்டது. இப்போது அது இல்லாததைப் பார்த்துப் பயந்தாள்.

"எடுத்து வாசியேன்" என்று ஒரு முறை சொன்னாள்.

"இங்க யாருக்கு?"

இப்படியே பல மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பரந்தாமன் சோறு தின்றுகொண்டிருந்தான். செண்பகம் பரணில் ஏறி மிருதங்கத்தை இறக்கினாள். சாக்கைப் பிரித்து, அதைச் சிமிண்டுத் தரையில் நேராக நிறுத்தி வைத்து, உரலில் குத்துகிற மாதிரி இரண்டு கையாலும் மொத்தினாள். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பரந்தாமன் பார்த்தான். பார்க்காத மாதிரி ஒரு கவளம் எடுத்தான். அவள் இன்னும் ஓங்கி மொத்தினாள்.

"ஏய், அப்படி அடிக்காத, தோலு கிழிஞ்சிடும்."

"கிழியட்டும். பரண்ல எலி கடிச்சி கிழியறதுக்கு நான் கிழிச்சிட்டுப் போறேன்."

"படுக்க வைடி. மடியில வை. ஐயோ, கையக் கழுவிக்கினு தொடு."

அவனே கையைக் கழுவிக்கொண்டு வந்து அதைப் பிடுங்கினான். வார்களை இழுத்துப் பார்த்தான். சுருதி எங்கேயோ போயிருந்தது. கல்லை எடுத்துத் தட்டிச் சரிபண்ணினான். "ரவை இருக்குதா?" என்று கேட்டான். இருந்தது.

அன்று சாயங்காலம் வரைக்கும் வாசித்தான். அன்வரி பேகம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். தெருவில் வேலை முடிந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். குழந்தைகள், "குதிர ஓட்டு" என்று கேட்டார்கள். ஓட்டினான்.

அதற்குப் பிறகு சில வருஷத்தில் பேசும் படம் வந்துவிட்டது. மெட்ராஸ் கொட்டகைகளில் திரைக்குக் கீழே உட்கார்ந்து வாசித்த எல்லோருக்கும் வேலை போயிற்று. அந்தப் பிடில்காரருக்கும் போயிற்று. செண்பகம் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாளா என்றால், சுந்தரமூர்த்திக்கும் போயிற்றே என்று வருத்தப்பட்டாள். சுந்தரமூர்த்தி ஒரு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் கம்பெனி வேலூரில் கொட்டகை போட்டபோது அவரே ஆம்பூருக்கு வந்து பரந்தாமனைக் கூப்பிட்டார்.

பரந்தாமன் தயங்கினான். "என்னன்னு சொல்லி உக்கார வைப்ப?"

"இருக்கறத சொல்லித்தான். இந்த வாட்டி ஒளிச்சி வைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. கம்பெனி மொதலாளிகிட்ட பேசிட்டேன்."

"அந்த மொதலாளி எப்படிப்பட்ட ஆளு? காசுக்காக சரின்னு சொல்லிட்டு நடுவுல எறக்கி உடுவானா?" என்று செண்பகம் உள்ளேயிருந்து கேட்டாள். சுந்தரமூர்த்தி அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அவள் பாதிதான் நம்பினாள். ஆனால் புருஷனுக்கு ஜிப்பா துவைத்துப் போட்டாள்.

முதல் நாள் நாடகம் தொடங்குமுன் கம்பெனிக்காரர் மேடைக்கு வந்து, "மிருதங்கம், ஆம்பூர் பரந்தாமன்" என்று சொன்னார். கூட்டத்தில் ஆம்பூர்க்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். சத்தம் போட்டுக் கைதட்டினார்கள். செண்பகம் முன்வரிசையில் உட்கார்ந்து மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். யார் எழுந்து போகிறார்கள் என்று பார்க்க. சில பேர் எழுந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆம்பூர் கடைத்தெருவில் எண்ணெய்க் கடை வைத்திருந்தவர். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அந்த முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், யாராவது சிரிக்கிறார்களா என்று. கொஞ்ச நேரத்தில் கூட்டத்தின் கண்கள் மேடையைத் தாண்டி எங்கேயும் போகவில்லை என்று தெரிந்தபோதுதான் முன்னால் திரும்பினாள்.

கம்பெனி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் பரந்தாமன் வாசித்தான். மற்ற நாட்களில் தோல் ஷாப்பில் வேலை செய்தான். தோல் வாடையும் சோப்பு வாசனையும் இரண்டுமே அவன் மேல் இருந்தன. மனோரமா ஒரு தைப்பூசத்துக்கு அவர்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்கினாள். அந்த இரண்டு நாளும் செண்பகம் அவளை அடுப்பு மூட்ட விடவில்லை.

அந்த நாடக ராத்திரிக்குப் பிறகு எண்ணெய் வாங்கச் செண்பகம் கடைசி வரைக்கும் பேரணாம்பட்டு ரோட்டில் இருந்த செக்குக்கே நடந்து போனாள். வெயிலில் அவ்வளவு தூரம் எதற்கு, கடைத்தெருவிலேயே கிடைக்கிறதே என்று பெண்கள் கேட்டார்கள்.

"அந்தக் கடையில எடை கம்மி" என்று மட்டும் சொல்லிவிடுவாள்.